யார் தேகத்துக்கு அளந்த மருந்து?

2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தூக்க மாத்திரை ஒன்றைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சோல்பிடெம் என்பது அந்த மருந்தின் பெயர்; ஆம்பியன் என்ற வியாபாரப் பெயரில் அந்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் உட்கொண்டுவந்த அதை, அதுவரை ஆண் என்றும் பெண் என்றும் பேதம் பாராமல் 10 மில்லிகிராம் என்று எழுதித் தந்துகொண்டிருந்த வைத்தியர்கள், இனிமேல் பெண்களுக்கு 5 மில்லிகிராமிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதுதான் அறிவிப்பின் சாரம். இதே நிர்வாகம் இதே மருந்துக்கு விற்பனை அனுமதி அளித்தது 1992-ஆம் ஆண்டில். அந்த ஆண்டில் பிறந்த பெண் குழந்தை ஒன்று வளர்ந்து, படித்து, வாக்குரிமையும் பெற்று, தூக்கமில்லை என்று தானே வைத்தியரிடம் போய் நிற்கும் பிராயத்தை அடைகிற வரையில், அவளுக்குரிய பிரமாணம் எது என்ற கேள்வி அதிகாரபூர்வமாகத் தீர்க்கப்படாமலே கிடந்தது என்பதை நினைக்கும்போது, நவீன வைத்திய சாஸ்திரத்தின்மீது எவ்வளவு மதிப்பு வைத்திருப்பவருக்கும் சற்றே திகைப்பு ஏற்படத்தான் செய்யும்.

நிர்வாகம் காட்டிய ஆதாரம் எளியது. ஆண்களிலும் பெண்களிலும் ஏறக்குறைய 250 பேர் வீதம் 10 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்து, எட்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பரிசோதித்ததில், வண்டி ஓட்டும் திறனைக் குலைக்கக்கூடிய அளவுக்கு மேல் மருந்து தேங்கியிருந்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 3 பேர், பெண்களில் நூற்றுக்கு 15 பேர். இரவு பத்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்து, காலை ஆறு மணிக்கு எழுந்து, காப்பியையும் குடித்துவிட்டுக் குழந்தையைப் பள்ளியில் விடக் காரை எடுக்கும் ஒரு தாய், தன் மூளையில் பாதி இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறியமாட்டாள். முழு விழிப்போடு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். இந்தத் தோற்றத்தை நம்பவேண்டாம் என்றும் அந்த அறிவிப்பு எச்சரித்திருந்தது.

இவ்வளவு காலம் இது கவனிக்கப்படாமல் போனதற்கு யாருடைய துர்ப்புத்தியும் காரணமல்ல. ஒரு நல்லெண்ணமே காரணம் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் விசித்திரம். மேற்கு ஜெர்மனியில் 1957-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்னும் அமைதி மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்காக உட்கொண்டதன் விளைவாக, கையும் காலும் குறைந்த குழந்தைகள் பதினாயிரத்துக்கு மேல் உலகில் பிறந்தன. 1961-ஆம் ஆண்டு இறுதியில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அது பரவாமல் போனதற்குக் காரணம், உணவு, மருந்து நிர்வாகத்தின் அதிகாரியான பிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணி, கம்பெனியின் வற்புறுத்தலுக்கு இணங்காமல், "இன்னும் ஆதாரம் வேண்டும்" என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததுதான். அந்த மருந்தைச் சரியாகப் பரிசோதிக்காமல் விற்றதே அனர்த்தத்தின் மூலம் என்பதால், இனிப் பெண்கள் விஷயத்தில் அதிகமாகப் பரிசோதிக்கவேண்டும் என்பதல்லவா நியாயமான முடிவு? நிகழ்ந்தது நேர்மாறானது. 1977-ஆம் ஆண்டு அந்த நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டு விதி, கருத்தரிக்கும் சாத்தியமுள்ள பெண்கள் அனைவரையும் மருந்துகளின் ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. மணமாகாதவள், கருத்தடை செய்துகொள்பவள், கணவனுக்கு அறுவைச் சிகிச்சை ஆனவள் என்ற விதிவிலக்குக்கூட அதில் இல்லை. பரிசோதனைச் சாலையின் வாசலில் பெண்ணைத் தடுத்து நிறுத்திய அதே விதி, பரிசோதனை முடிந்து மருந்துக்கடைக்கு வந்த மாத்திரையை அவள் வாங்கி விழுங்குவதை மட்டும் தடுக்கவில்லை. ஆகவே அவளும் பரிசோதனைக்கு உள்ளாகத்தான் செய்தாள். ஆனால் குறிப்பேடு ஏதுமின்றி, கண்காணிப்பார் எவருமின்றி, தன் வீட்டிலேயே அது நடந்தது.

1993-ஆம் ஆண்டு அந்த விதி மாற்றப்பட்டது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளில் பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமும் இயற்றிற்று. ஆனால் அதற்குமுன் சந்தைக்கு வந்துவிட்ட மருந்துகளின் பிரமாணங்கள் பழைய கணக்கிலேயே நின்றன. ஆஸ்பிரின் கதை ஒன்றே போதும். மாரடைப்பைத் தடுப்பதில் அதன் மகிமையை நிலைநாட்டிய புகழ்பெற்ற ஆய்வு 22,071 வைத்தியர்களை வைத்து நடந்தது. அத்தனை பேரும் ஆண்கள். முடிவு வெளியான ஆண்டு 1989. அதே கேள்வியை 39,876 பெண்களிடம் பத்தாண்டு காலம் பரீட்சித்த முடிவு 2005-இல் வந்தபோது, பெண்களுக்குப் பக்கவாதம் குறைந்தது என்றும், மாரடைப்பு மொத்தத்தில் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்றும் தெரிந்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகள் ஆண்களின் கணக்கே பெண்களுக்கும் கணக்காயிருந்தது.

பெண்ணுடலில் மருந்து வேறுவிதமாக நடந்துகொள்வதற்குக் காரணங்கள் பல. ஒரு பிடி உப்பைச் சின்னப் பாத்திரத்திலும் பெரிய பாத்திரத்திலும் கரைத்துப் பார்த்தால் எதில் கரிப்பு மிகும் என்பதை அடுப்படி அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சராசரிப் பெண்ணின் எடையும் உடல் நீரும் ஆணைவிடக் குறைவு. ஆனால் விஷயம் எடையோடு முடிந்துவிடவில்லை. பெண்களின் தேகத்தில் கொழுப்பின் விகிதம் அதிகமாகையால் கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே நெடுநேரம் தங்குகின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைவு. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளில் சில ஆண்களிடமும் சில பெண்களிடமும் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. ஆகையினாலே எல்லா மருந்தும் பெண்ணுக்கு அதிகப்படி என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. மயக்க மருந்தாகிய புரோபோஃபாலைக் கொடுத்தால், ஆண்களுக்கு முன்பே பெண்கள் கண்விழித்துவிடுகிறார்கள். இருந்தாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. இர்விங் ஜுக்கர், பிரையன் பிரெண்டர்காஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டு 86 மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 76 மருந்துகள் பெண்களின் இரத்தத்தில் அதிக அளவிலோ அதிக நேரமோ தங்குவதாகக் கண்டார்கள்.

இதயத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மறுபடி துடிக்க ஆயத்தமாவதற்கு ஓர் அவகாசம் வேண்டும், இ.சி.ஜி. தாளில் க்யூ-டி இடைவெளி என்று இதைக் குறிப்பார்கள். பெண்களுக்கு இந்த இடைவெளி சற்று நீளம் என்பதை பாசெட் என்ற ஆங்கில வைத்தியர் 1920-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். சிறு பிராயத்தில் சிறுவருக்கும் சிறுமியருக்கும் வித்தியாசமில்லை. பருவமடைந்த பின் ஆண்களிடத்தில் அது குறுகிவிடுகிறது. (பெண்ணின் இதயம் வழக்கத்துக்கு மாறானது என்று சொல்வதைவிட, மாறியது ஆணின் இதயம் என்று சொல்வதே இங்கே பொருத்தம்.) சில மருந்துகள் இந்த இடைவெளியை மேலும் நீட்டிவிடுகின்றன, எல்லை கடந்தால் துடிப்பு நிலைகுலைந்து, மயக்கமோ மரணமோ நேர்கிறது. மருந்தினால் நேரும் இவ்வகை விபரீதத்துக்கு ஆளாகிறவர்களில் மூவரில் இருவர் பெண்கள். தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரை என்று கொண்டாடப்பட்ட டெர்ஃபெனடினை, பூஞ்சைக் காளானுக்கான கீட்டோகோனசோலோடு சேர்த்து உட்கொண்ட 39 வயதுப் பெண்ணொருத்தி மயங்கி விழுந்த செய்தி 1990-ஆம் ஆண்டு வைத்தியப் பத்திரிகையில் வந்த பிறகே அந்த மாத்திரையின் மற்றொரு முகம் உலகுக்குத் தெரிந்தது. 1998-இல் அது அமெரிக்கச் சந்தையை விட்டு மறைந்தது. நெஞ்செரிச்சலுக்குத் தந்துவந்த சிசாப்ரைடும் 2000-ஆம் ஆண்டில் அவ்வாறே அங்கு மறைந்தது. நம் நாட்டில் அதைத் தடைசெய்ய 2011 வரை காத்திருந்தோம். 1997 முதல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, அவற்றுள் எட்டு மருந்துகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிக ஆபத்து விளைத்தன என்று கூறிற்று. எட்டில் நான்கு, பெண்களுக்கே அதிகமாக எழுதித் தரப்பட்டவை என்பதையும் அது மறைக்கவில்லை.

மரணம் வரையில் போகும் இத்தகைய மருந்துகள் அபூர்வம். அன்றாடம் நம் வீடுகளில் அலமாரியிலும் சாமி மாடத்துக்குப் பக்கத்திலும் இருக்கும் பிரஷர் மாத்திரைகளின் கதை வேறு. அவை உயிரைக் காப்பவை, ஆனால் உபத்திரவம் தருபவை. எந்த ஊரிலும் காணக்கூடிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாளுக்கு இரத்த அழுத்தம் என்று எனலாப்ரிலோ ராமிப்ரிலோ எழுதித் தருகிறார்கள். சில வாரங்கள் கழித்து இருமல் தொடங்குகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்தால் போதும், தொண்டை நமநமக்கிறது. "ராத்திரியில தூங்கவே முடியல டாக்டர், வறட்டு இருமலா வருது" என்கிறாள். "தூசு அலர்ஜிம்மா, டானிக் எழுதித் தரேன்" என்று பதில் வருகிறது. ஒரு புட்டி தீர்ந்து மற்றொரு புட்டியும் தீர்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் ஆகி, ஒன்றுமில்லை என்ற சந்தோஷச் செய்தியும் கிடைக்கிறது. இருமல் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் படுத்திருப்பவர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒரு வைத்தியர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து, பிரஷர் மாத்திரையை லோசார்டனாகவோ டெல்மிசார்டனாகவோ மாற்றுகிறார். மாதம் ஒன்று முடிவதற்குள் இருமல் இருந்த இடம் தெரியவில்லை.

இதில் மர்மம் ஏதுமில்லை. எனலாப்ரில் வகை மாத்திரை எந்த நொதியைத் தடுத்து அழுத்தத்தைக் குறைக்கிறதோ, அதே நொதிதான் சுவாசக் குழாயில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும். நொதி தடைப்பட்டால் அந்தப் பொருள் சேர்ந்து தொண்டையை உறுத்துகிறது. உட்கொள்பவர்களில் நூற்றுக்கு 5 முதல் 35 பேருக்கு இருமல் வருவதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்லுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம் என்பதில் அவை ஒத்துப்போகின்றன. அம்லோடிபின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைகளில் கால் வீக்கம் கண்டவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 5.6, பெண்களில் நூற்றுக்கு 14.6 என்று அந்த மருந்தின் அமெரிக்க விவரச் சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் மாலையில் கொலுசு இறுகி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிற ஒரு பெண்ணிடம், "நாளெல்லாம் நின்னு வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவதே நம் வழக்கம். நீர் பிரியத் தரும் தையசைட் மாத்திரைகளால் உப்புச்சத்து குறைந்து தலைசுற்றித் தடுமாறுவதும் வயதான பெண்களிடத்தில்தான் அதிகம். அதற்கும் வயோதிகம் என்ற சமாதானம் தயாராயிருக்கிறது.

நான் சொல்லவரும் விஷயம் இதுதான். ஒரு மாத்திரை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அதை மனக்கலக்கம் என்றும், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் படபடப்பு என்றும், வேலைக் களைப்பு என்றும் ஒதுக்கிவிடும் பழக்கம், வைத்தியசாலையிலும் இருக்கிறது, வீட்டிலும் இருக்கிறது. அவளுடைய சாட்சியத்தை ஏற்று எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை. பரிசோதனைச் சாலையில் அவளுக்கு இடம் கொடுக்கப்படாத காலத்தில் தயாரான மருந்துகளைப் பொறுத்தவரை, அவளுடைய புகாரைத் தவிர நம்மிடம் வேறு என்ன பிரமாணம் உண்டு? புகாரை அலட்சியம் செய்கிற வைத்தியர், தமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆராய்ச்சிக் குறிப்பைக் குப்பையில் போடுகிறார் என்றே சொல்லவேண்டும்.

இதற்கு மறுப்புரைகளும் உண்டு. அவற்றை அற்பமென்று தள்ளுவது நியாயமாகாது. சோல்பிடெம் விஷயத்திலேயே ஐரோப்பிய மருந்து முகமை 2014-ஆம் ஆண்டு அமெரிக்க வழியைப் பின்பற்ற மறுத்து, இருபாலருக்கும் 10 மில்லிகிராம் என்ற பிரமாணத்தை அப்படியே வைத்துக்கொண்டது. இரத்தத்தில் மருந்து அதிகமாக இருப்பது ஒன்று, அதனால் விபத்து அதிகமாக நேர்வது வேறொன்று, இரண்டாவதற்கு ஆதாரம் போதாது என்று வாதிடும் மருந்தியல் அறிஞர்கள் இருக்கிறார்கள். பாதி மாத்திரையால் தூக்கம் வராமல் தவிக்கும் பெண்ணின் கஷ்டத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பெண்கள் மருந்து உண்பதும் அதிகம், வைத்தியரை நாடுவதும் அதிகம், குறையை வாய்விட்டுச் சொல்வதும் அதிகம், ஆகவே கணக்கில் அவர்கள் எண்ணிக்கை பெருத்துத் தெரிகிறது என்பாரும் உண்டு. எண்பது கிலோ எடையுள்ள பெண்ணையும் ஐம்பது கிலோ எடையுள்ள ஆணையும் பாலை மட்டும் பார்த்துப் பிரித்து வைப்பதும் அபத்தமே. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வாதங்கள் ஒவ்வொன்றும் இன்னும் நுட்பமாக அளந்து பார்க்கவேண்டும் என்பதற்கே ஆதரவாகின்றனவேயன்றி, அளக்காமலே இருந்துவிடலாம் என்பதற்கு அல்ல. டிஜாக்சின் என்ற பழைய இதய மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வு 1997-இல் வெளியாயிற்று; மருந்தால் மரணம் கூடவுமில்லை, குறையவுமில்லை என்பது முடிவு. ஐந்தாண்டு கழித்து, அதே ஏடுகளை ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துப் பார்த்தபோது, மருந்து உண்ட பெண்களில் நூற்றுக்கு 33.1 பேரும், வெற்று மாத்திரை உண்ட பெண்களில் 28.9 பேரும் இறந்திருந்தது புலப்பட்டது. இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுந்ததே காரணமாகலாம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். விளக்கம் எதுவாயினும், அந்த எண்கள் ஐந்தாண்டு காலம் அதே காகிதக் கட்டுக்குள்தான் இருந்தன. பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மருந்துகளின் பாதகங்களைக் கண்காணிக்க இந்தியாவில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 2011 முதல் காசியாபாதிலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. வைத்தியர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி, மருந்து உண்டவரும் தமக்கு நேர்ந்ததை நேரே எழுதி அனுப்பலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. இப்படியொரு படிவம் இருப்பதே நூற்றில் ஒருவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். எந்த மருந்துக்கடையிலும் அது கண்ணில் படும்படி ஒட்டியிருக்க நான் பார்த்ததில்லை. வந்துசேரும் புகார்களை மருந்துவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்து ஆண்டுதோறும் பொதுஜனங்கள் அறிய வெளியிடவேண்டும் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய மருந்துக்கு அனுமதி கேட்டு வரும் கம்பெனிகளிடமும், பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கணக்கைத் தனியே வாங்கிப் பார்க்காமல் அனுமதி தருவதில்லை என்று அதிகாரிகள் உறுதிகொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் ஒரு விசேஷ வசதி உண்டு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவருகிறவர்களோ அதே ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, "இருமல் இருக்கா அக்கா? கால் வீங்குதா? தலை சுத்துதா?" என்று மூன்றே கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ள அவர்களைப் பழக்கினால், வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொல்லக் கூசுகிற பெண்கள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அதிகச் செலவில்லாத காரியம்.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தம் மாத்திரையைத் தாமே பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளவோ, நிறுத்திவிடவோ வேண்டாம். பிரஷர் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவதால் வரும் கேடு இருமலைவிடப் பன்மடங்கு பெரியது. புதிய மாத்திரை தொடங்கிய தேதியையும், உபத்திரவம் தொடங்கிய தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வீட்டிலுள்ள ஆண்கள், அம்மாவோ மனைவியோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால், அந்தக் காகிதத்தை எழுத உதவுங்கள். வைத்தியர் கேட்கவில்லை என்றாலும் சொல்ல இடமுண்டு: மருந்துப் பாதகங்களைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டத்தின் தொலைபேசி எண் 1800-180-3024. வேலைநாட்களில் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.